நாற்றங்காலுக்கும் ஒரு கூரை வேண்டும்

மழை வேண்டுமென்று வானத்தை நோக்காத உழவன் இல்லை. ஆனால் நாற்றுவிட்ட மறுவாரம் பெய்யும் பெருமழையைக் கண்டு கலங்காத உழவனும் இல்லை. நம் மாநிலம் ஓர் ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் நாற்றுகள் பலவும் அதே பருவத்தில்தான் பாத்தியில் இரண்டிலைப் பிள்ளைகளாக நிற்கின்றன. வளர்ந்த பயிர் ஒரு மழையைத் தாங்கும். முளைத்து ஏழு நாளான நாற்று தாங்காது. துளி விழுந்து சேறு தெறிக்கிறது. வேரடியில் நீர் தேங்குகிறது. தண்டு மண்ணையொட்டிக் கறுத்துச் சாய்கிறது. இதுவே நாற்றழுகல். மாலையில் பசுமையாக இருந்த பாத்தி காலையில் திட்டுத் திட்டாக வெறுமையாகிவிடும்.

இத்துன்பத்தை நெசவாளர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட்டு நிற்கும்போது வடகிழக்கே வானம் இருண்டால் குடும்பம் முழுவதும் எப்படி ஓடிவந்து பாவைச் சுருட்டும் என்பதை அவர்கள் அறிவர். உழவனோ தன் நாற்றைச் சுருட்டி வீட்டிற்குள் எடுத்துச் செல்ல இயலாது. ஆதலின் வீட்டைத்தான் நாற்றிருக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அவ்வீடு பெரிய மாளிகையன்று. உயர்த்தி அமைத்த பாத்தியின் குறுக்கே மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து நட்டு, அவற்றின் மேல் பாலிதீன் தாளைப் போர்த்தினால் போதும். பார்வைக்கு அது கூண்டு வண்டியின் கூண்டு போலவே இருக்கும். நம் சரகத்தில் ஓரூரார் அதனைக் ‘கூண்டு’ என்றே அழைக்கின்றனர். நாமும் இக்கட்டுரையில் அப்பெயரையே வழங்குவோம்.

இக்கூண்டின் வரலாறும் எளியோரின் வரலாறேயாகும். குளிர் நாடுகளில் செல்வர் கண்ணாடி வீடு கட்டி அதனுள் காய்கறி வளர்த்தனர். அமெரிக்க நாட்டுக் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த எம்மர்ட் என்னும் தோட்டக்கலைப் பேராசிரியர், கண்ணாடிக்கு ஆகும் செலவைத் தாங்க இயலாமையால், 1948-ஆம் ஆண்டில் மெல்லிய செல்லோபேன் தாளைக் கொண்டு ஒரு பசுமை வீட்டை அமைத்தார். பின்னர் பாலிதீன் தாள் அதன் இடத்தைப் பெற்றது. பணம் போதாமையிலிருந்து பிறந்த ஒரு முறையை, பணம் போதாத நம் அங்கத்தினர்கள் கைக்கொள்வது பொருத்தமே.

இனி, இக்கட்டுரையை நாம் எழுத நேர்ந்த காரணத்தை மறைக்காமல் கூறுகின்றோம்.

2021-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நம் சரகத்தைச் சேர்ந்த ஒரு வேளாண்மைச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். அச்சங்கத்து நிர்வாகக் குழுவினர், அங்கத்தினர்களின் நாற்றங்கால்களுக்காகப் பாலிதீன் தாளும் பூச்சிவலையும் மொத்தமாக வாங்கி வாடகைக்கு வழங்குவதென்று ஒரு தீர்மானம் எழுதியிருந்தனர். தொகை பெரிதன்று. ஆயினும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு இனம் இல்லை. வாடகைக்கு வழங்குவதைப் பற்றித் துணைவிதியில் வெளிப்படையான சொல்லும் இல்லை. ‘உரிய ஒப்புதல் பெற்ற பின்னரே இச்செலவை மேற்கொள்ள வேண்டும்’ என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டு வந்தோம். எழுதியது விதிப்படி பிழையன்று. செயலாளர் ஒப்புதல் கோரி எழுதினார். தாள்கள் மேசைக்கு மேசை நகர்ந்தன. அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது.

அவ்வாண்டின் வடகிழக்குப் பருவமழை எத்தகையது என்பது யாவர்க்கும் நினைவிருக்கும். நவம்பர் மாதத்தில் மாநிலமெங்கும் வெள்ளமாயிற்று. அச்சங்கத்தில் நாற்றுவிட்டிருந்த இருபத்து மூன்று அங்கத்தினர்களில் பத்தொன்பது பேருடைய பாத்திகள் அழுகிப்போயின. அதே மாதத்தில் சென்னையில் தக்காளி கிலோ ஒன்று நூறு ரூபாயைக் கடந்து விற்றது. விலையைக் கண்டு எல்லோரும் நடவுக்கு விரைந்தமையால் நாற்றின் விலையும் ஏறிற்று. நம் அங்கத்தினர்கள் மார்கழியில் கடன் வாங்கி, இரகம் இன்னதென்று உறுதியில்லாத நாற்றைத் தொலைவிலிருந்து கொணர்ந்து நட்டனர். அறுவடைக்கு வந்தபோது எங்கும் காய் பெருகி விலை சரிந்திருந்தது. அந்தச் சங்கத்துத் தவணை கடந்த கடன்களின் பட்டியலை மறு ஆண்டு நாமே சரிபார்த்தோம். அதில் அப்பத்தொன்பது பேரில் பதினொருவர் பெயரைக் கண்டோம்.

நம் குறிப்பு ஒன்றே அவர்களை அந்நிலைக்கு உள்ளாக்கியது என்று கூறினால் அது மிகையாகும். மழையும் சந்தையும் நம் பேனாவைக் கேட்டு நடப்பனவல்ல. ஆனால், ஒப்புதல் தேவையென்று எழுதத் தெரிந்த நாம், ‘ஐப்பசிக்கு முன் ஒப்புதல் கிடைத்தாக வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அதனைக் கையிலெடுத்துக்கொண்டு நாமே மேலதிகாரியிடம் சென்றிருக்கலாம். பஞ்சாங்கத்தைப் பாராமல் விதிப்புத்தகத்தை மட்டும் பார்ப்பவன் கூட்டுறவுக்குக் காவலனாக இருக்கலாம். துணைவனாக இருக்க முடியாது. இதனை நாம் கற்றுக்கொள்ளப் பத்தொன்பது நாற்றங்கால்கள் விலையாயின.

மறு ஆண்டு, அதாவது 2022-இல், ஆனி மாதத்திலேயே பேரவைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஆவணிக்குள் ஒப்புதலும் வந்தது. அவ்வூரில் கட்டிய முறையை அங்கத்தினர்கள் பயனுற இங்கே தருகின்றோம்.

பாத்தியின் அகலம் 3 அடி, அரையடி உயரம், நீளம் 30 அடி. மூன்றடிக்கு மேற்பட்டால் இரு புறமும் நின்று கை நீட்டிக் களையெடுக்க முடியாது. இரு பாத்திகளுக்கு இடையே ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, அது தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கு நீரை இழுத்துச் செல்லுமாறு வெட்டினர். இவ்வாய்க்கால் இல்லையேல் மேலே கூரை போட்டும் பயனில்லை. மேலிருந்து வராத நீர் அடியிலிருந்து வந்துவிடும்.

மூங்கிலைப் பிளந்து 7 அடி நீளப் பிளாச்சுகளாக்கி, முள்ளும் சிம்பும் இல்லாமல் சீவினர். சிம்பு இருந்தால் தாள் கிழியும். ஒவ்வொரு முனையையும் ஓரடி ஆழம் மண்ணில் ஊன்றி வளைத்தால், நடுவில் ஒன்றரை அடி உயரமுள்ள வில் அமையும். மூன்றடிக்கு ஒன்றாக 30 அடிப் பாத்திக்கு 11 வில்கள் வேண்டும். விற்களின் உச்சியை ஒரு கயிற்றால் தொடர்ச்சியாகக் கட்டி, இரு கோடியிலும் முளையடித்து இழுத்து நிறுத்தினர். காற்றுக்கு இக்கட்டே பாதுகாப்பு.

அதன் மேல் 2 மீட்டர் அகலமும் 50 மைக்ரான் கனமும் உள்ள, வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குமாறு செய்யப்பட்ட தாளைப் போர்த்தினர். இரு கோடியிலும் முடிச்சிடுவதற்கு இடம் விட்டு 11 மீட்டர் நீளம் வெட்டினால் தாளின் எடை சுமார் ஒரு கிலோதான் ஆகும். சாதாரணத் தாள் விலை குறைவு என்று வாங்குவோர் கவனிக்க: வெயிலைத் தாங்காத தாள் ஒரு பருவத்திலேயே நொறுங்கிச் சருகாகிவிடும். நொறுங்கிய தாளை மண்ணிலிருந்து பொறுக்கி எடுப்பவர் எவருமில்லை.

தாளுக்கு அடியில், விற்களின் மேலேயே, வெண்ணிறப் பூச்சிவலை ஒன்றும் உண்டு. தக்காளிக்கு இலைச்சுருள் நோயைக் கொணர்வது வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி. நாற்றுப் பருவத்தில் அந்நோய் தொற்றிய செடி பின்னர்ப் பெரிதாகக் காய்ப்பதில்லை. அங்குலத்திற்கு 50 கண் உள்ள வலை அந்த ஈயைத் தடுக்கும். இங்கே ஒரு செய்தியைக் கூற வேண்டும். வியாபாரி ‘50 கண்’ என்று கொடுத்த வலையை, அங்கத்தினர் ஒருவரின் அண்டை வீட்டு நெசவாளர் இழை எண்ணும் கண்ணாடியை வைத்து எண்ணிப் பார்த்து, ‘ஐயா, இது நாற்பதே’ என்றார். பாவையும் ஊடையையும் அங்குலத்திற்கு இத்தனை என்று எண்ணியே வாழ்பவரை ஏமாற்ற முடியுமா? வலை திருப்பி அனுப்பப்பட்டது.

விதைப்பதற்கு முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, நெருக்கமின்றி வரிசையாக விதைத்தனர். கூண்டு வந்துவிட்டதென்று இவ்விரண்டையும் கைவிடுதல் கூடாது. நெருங்கி முளைத்த நாற்று கூண்டிற்குள்ளேயும் அழுகும்.

இவ்வளவும் செய்தும் முதல் ஆண்டிலேயே ஓர் இடர் நேர்ந்தது. இரண்டு நாள் மழைக்குப் பின் ஒரு நாள் வெயில் பளிச்சென்று அடித்தது. ஊரில் ஒரு திருமணம். கூண்டுகளைத் திறக்க வேண்டியவர்கள் பந்தியில் அமர்ந்திருந்தனர். பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து தாளை நீக்கியபோது, இரண்டு பாத்தி நாற்றுகள் கீரையை வேகவைத்தாற்போல் துவண்டு கிடந்தன. மழையினின்று காத்த கூரையே அவற்றுக்கு அடுப்பாயிற்று.

மேல்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கூண்டு கட்டுவோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும். அங்கே கூண்டு, வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்காக மூடப்படுகிறது. நம் நீலகிரியிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் இரவுகளில் அவ்வாறு மூடுவதற்குப் பொருள் உண்டு. சமவெளியிலோ நாம் மூடுவது மழைக்காக மட்டுமே. வலை எப்போதும் இருக்கட்டும். தாள் மழை வரும்போது மட்டும் இறங்கட்டும். மழை விட்டதும் இரு பக்கமும் தாளை உச்சிவரை சுருட்டிக் கட்டிவிட வேண்டும். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வலையையும் பகலில் நீக்கி, நீரையும் சற்றுக் குறைத்து, நாற்று வெயிலுக்கும் காற்றுக்கும் பழகச் செய்ய வேண்டும். நிழலிலேயே வளர்ந்த நாற்று நட்ட மறுநாளே தலை சாயும்.

ஆகவே, கூண்டு என்பது மூங்கிலும் தாளும் மட்டுமன்று. நாள்தோறும் அதைத் திறந்து மூடும் ஒரு கையும் சேர்ந்தே கூண்டு ஆகிறது. அந்தக் கைக்கு எங்கே போவது? நம் சிறு விவசாயி காலையில் கூலி வேலைக்கோ, சந்தைக்கோ போய்விடுகிறான். மழை அவன் திரும்பும்வரை காத்திருப்பதில்லை. தனியொருவனாக அவன் இக்கூண்டை ஆள முடியாது. இக்காரணம் பற்றியே இதனைத் தனியார்க்குரிய பொருளாகக் கருதாமல், சங்கத்துக்குரிய பணியாகக் கருத வேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம்.

அவ்வூரில் விடை எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. நாற்றங்கால்கள் யாவும் கிணறு உள்ள ஒரே தோட்டத்தில், நெசவாளர் தெருவின் பின்புறத்தில் அமைந்திருந்தன. தறியில் அமர்ந்தவர்கள் நாள் முழுவதும் வீட்டிலிருப்பவர்கள். மேகம் திரளுவதை முதலில் அறிபவர்கள். நெசவாளர் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மையார், திருமணத்தன்று நேர்ந்ததைக் கேட்டு, ‘பாவு நனையாமல் காக்கத் தெரிந்த எங்களுக்கு நாற்று நனையாமல் காக்கத் தெரியாதா? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ என்று கேட்டாராம். அன்று முதல் நான்கு நெசவாளர் குடும்பங்கள் முறை வைத்துக் கூண்டுகளைத் திறந்து மூடுகின்றன. அதற்கு வேளாண்மைச் சங்கம் மாதந்தோறும் ஒரு தொகை வழங்குகிறது. அத்துடன் அத்தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கொல்லைத் தோட்டத்தில் நடக் கத்தரியும் மிளகாயும் நாற்றாகக் கிடைக்கின்றன. 2023-இலும் 2024-இலும் அவ்வூர் அங்கத்தினர் எவரும் வெளியில் நாற்று வாங்கவில்லை.

இதற்கு எதிராகக் கூறப்படும் சில கருத்துகளையும் ஆராய வேண்டும்.

தனியார் நாற்றுப் பண்ணைகளில் குழித்தட்டில் வளர்த்த நல்ல நாற்று கிடைக்கும்போது சங்கத்துக்கு இவ்வேலை எதற்கு என்பர் சிலர். நல்ல ஆண்டில் அது மெய்யே. அப்பண்ணைகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 14,520 தக்காளி நாற்று வேண்டும். எல்லோரும் ஒரே வாரத்தில் பண்ணை வாசலில் நிற்கும் ஆண்டில் கால் ஏக்கர்காரனின் முறை கடைசியில்தான் வருகிறது. நம் முறை கடைசியாக வரும் இடத்தில் நமக்கென்று ஒரு வாசல் இருப்பது நலம். ஓர் ஏக்கருக்கு வேண்டிய நாற்றங்கால் இரண்டு மூன்று சென்ட்டுக்கு மேற்படாது என்பதையும் நினைவிற் கொள்க. முழு வயலுக்குமன்று, இந்தச் சிறு நிலத்துக்கே நாம் கூரை கேட்கின்றோம்.

பிளாஸ்டிக்கைக் கிராமத்துக்குள் நாமே கொண்டுவரலாமா என்பது மற்றொரு கேள்வி. இது நேர்மையான கேள்வி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை நம் மாநிலம் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. கூண்டுத் தாள் எறியும் பொருளன்று. ஆனால் கவனமின்றி விட்டால் அதுவும் அவ்வாறே ஆகும். ஆகையால் தாள் சங்கத்தின் சொத்தாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பருவ முடிவில் கழுவி உலர்த்திச் சுருட்டித் திருப்பித் தருபவருக்கே மறு ஆண்டு தாள் என்பது விதியாக வேண்டும். கிழிந்ததையும் எடை போட்டுத் திரும்பப் பெற்று, மறுசுழற்சிக்கு விற்க வேண்டும். தனித்தனியே வாங்கினால் வயலோரத்தில் கிடக்கும் தாள், சங்கத்தின் வழியே வாங்கினால் கணக்கில் இருக்கும்.

மானியம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்பார் மூன்றாமவர். வரும் மானியத்தை மறுக்க வேண்டாம். ஆனால் மூங்கில் நம் ஊரில் வளர்கிறது. வளைக்கும் கையும் நம்முடையது. தாள் பாத்திக்கு ஒரு கிலோ. இதற்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பதாயின் பங்குத்தொகை செலுத்திச் சங்கம் அமைத்ததன் பொருள் யாது? 1904-ஆம் ஆண்டில் திரூரில் உழவரும் காஞ்சிபுரத்தில் நகரத்தாரும் கூட்டுறவுச் சங்கங்களைத் தொடங்கியபோது, பெருந்தொகை ஒன்று வந்து சேரட்டும் என்று காத்திருந்தனரல்லர். சிறு தொகைகளைச் சேர்த்தனர், பொறுப்பைப் பகிர்ந்தனர்.

ஆதலின் சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஆனி, ஆடிக்குள் பேரவையைக் கூட்டி, நாற்றங்கால் கூண்டுக்கென ஓர் இனத்தை வரவு செலவுத் திட்டத்தில் சேருங்கள். துணைவிதியில் இடமில்லையாயின் திருத்தத்தை அப்போதே எழுதி அனுப்புங்கள். ஆவணிக்குள் மூங்கிலும் தாளும் வலையும் கிடங்கில் இருக்கட்டும். திறந்து மூடும் முறைப் பட்டியலைச் சங்கச் சுவரில் ஒட்டுங்கள். அதில் பெயரில்லாத நாள் ஒன்றுகூட இருத்தலாகாது. அருகில் நெசவாளர் சங்கம் இருப்பின் அதன் அங்கத்தினரைக் கலந்துகொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு சங்கங்கள் இருந்தும் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருத்தல் கூட்டுறவுக்கு அழகன்று.

நம்மையொத்த ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். ஆட்சேபணை எழுதுவது நம் கடமை. ஆனால் ஆவணியில் எழுதும் ஆட்சேபணைக்கு ஐப்பசியில் விலை கொடுப்பவர் நாமல்லர். ஆகவே ஆட்சேபணையின் கீழேயே, அது தீர வேண்டிய நாளையும் தீர்க்கும் வழியையும் எழுதுவோமாக.

சென்ற ஐப்பசியில் அவ்வூருக்கு மீண்டும் சென்றிருந்தோம். பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் தொடங்கிற்று. வெளியே ஒரு தறியின் ஓசை நின்றது. சற்று நேரத்தில் அடுத்ததும் நின்றது. சன்னல் வழியே பார்த்தோம். இரு பெண்டிர் பாத்திகளின் மேல் தாளை இறக்கிக் கொண்டிருந்தனர். மழை வலுக்குமுன் கடைசிக் கூண்டும் மூடப்பட்டது. தறிகள் மீண்டும் ஒலித்தன. நாமும் பதிவேட்டுக்குத் திரும்பினோம். அவ்வாண்டு அந்த இனத்தில் எழுதுவதற்கு நமக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கவில்லை.